ஏதிலியர் உளம் ஆற்றுவோம்!

(நெல்லையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

நாம் கூடியிருக்கும் இவ்வூர் பொருநைக் கரையிலே அமைந்தது. பொருநைக்கு வழங்கும் மற்றொரு பெயர் தாமிரபரணி. அசோகனுடைய கல்வெட்டுகளிலே 'தம்பபண்ணி' என்றொரு பெயர் வருகிறது. அது ஈழத்தீவைக் குறிப்பது என்பர் வரலாற்றறிஞர். ஆற்றுக்கும் தீவுக்கும் ஒரே பெயர்! இவ்வாற்றங்கரையில் ஆதிச்சநல்லூரிலே நம் முன்னோர் இறந்தாரைத் தாழியிலிட்டுப் புதைத்தனர். ஈழத்தின் மேலைக் கரையில் பொம்பரிப்பு என்னும் இடத்திலும் அவ்வகைத் தாழிக்காடே கிடைத்துள்ளது. பெயரால் ஒன்று; புதைகுழியாலும் ஒன்று. இடையிலே கிடப்பது ஒரு சிறு கடல்.

இவ்வுறவின் பெருமையை நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம். ஆயினும் இன்று நான் பேச வந்தது பெருமையைப் பற்றியன்று; அவ்வுறவு நம்மேல் சுமத்தியுள்ள கடனைப் பற்றி. நெல்லைக்கு வடக்கே மதுரைச் சாலையில் கங்கைகொண்டானிலும், சேரன்மாதேவிப் பக்கம் கோபாலசமுத்திரத்திலும், தெற்கே சமூகரெங்கபுரத்திலும் ஈழத்தமிழர் தங்கல்கள் இருக்கின்றன. மக்கள் வழக்கில் அவற்றுக்கு 'முகாம்' என்று பெயர். அங்கே வாழ்வோரின் பசியைப் பற்றி ஓரளவு பேசப்பட்டிருக்கிறது; கூரையைப் பற்றியும் பேசப்பட்டிருக்கிறது. அவர்தம் உளத்தைப் பற்றி யார் பேசினர்?

வந்தவர் யாவர்?

1983 சூலை 24-ஆம் நாள் தொடங்கி அவர்கள் வந்தனர். கொழும்பிலே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டிருந்த கிழமை அது. அதன்பின் அலையலையாக வந்தனர். 1987 வரை முதல் அலை. 1989 முதல் 1991 வரை இரண்டாம் அலை. 1996 முதல் மூன்றாம் அலை. 2006-இல் போர் மீண்டும் மூண்டபோது நான்காம் அலை. 1983 முதல் 2012 வரை வந்தோர் தொகை 3,04,269 என்பது நடுவணரசின் கணக்கு. ஒரு பகுதியினர் திரும்பிச் சென்றனர். ஒரு பகுதியினர் வேற்று நாடுகளுக்குப் போயினர். 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழகத்துத் தங்கல்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்தனர். தங்கல்களுக்கு வெளியே ஏறத்தாழ 34,000 பேர் பதிவு பெற்று வாழ்ந்தனர். 2022-இல் இலங்கையின் பொருளியல் சரிந்தபோதும் சிலர் படகேறி வந்தனர்.

இவர்களுள் பெருந்தொகையினர் மலையகத் தமிழர் என்பதை நம்மில் பலர் அறியார். அவர்தம் பாட்டன் பூட்டன்மார் வெள்ளையர் ஆட்சியிலே நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டுத் தேயிலைக் காடுகளை ஆக்கியவர்கள். 1948-இல் இலங்கை அரசு சட்டமியற்றி அவர்தம் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சிறிமாவோ, சாத்திரி இருவரும் உடன்படிக்கை செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டனர். கால்நடையையும் இப்படிப் பங்கிடுவதில்லை! எங்கும் குடியுரிமை பெறாது நின்ற பலர் கலவரத்துக்கு அஞ்சி வன்னிக்கு ஓடினர். வன்னியிலும் குண்டு விழுந்ததால் கடலைக் கடந்தனர். பாட்டன் புறப்பட்ட மண்ணுக்கே பேரன் வந்து சேர்ந்தான். வந்தவனைப் பார்த்து 'நீ அயலான்' என்றது சட்டம்.

இடம்பெயர்வு என்றால் என்ன?

வீடிழத்தல் என்றால் என்ன என்று நெல்லை மக்களுக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை. 2023 திசம்பர் 17, 18 நாள்களிலே பெய்த பெருமழையை எண்ணிப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பொருநை கரையுடைத்துப் பாய்ந்தது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட தொடர்வண்டி திருவைகுண்டத்திலே நின்றுவிட, நூற்றுக்கணக்கானோர் நீரின் நடுவே உணவின்றித் தவித்தனர். பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் சில நாள் படுத்துறங்கிய நம் பெண்டிரைக் கேளுங்கள். உடைமாற்ற மறைவிடம் இல்லை, பிள்ளைகள் உறங்கவில்லை, யாரோ நீட்டிய பொட்டலத்தைக் கைநீட்டி வாங்குகையில் உள்ளம் குன்றியது. அது சில நாள். கோபாலசமுத்திரத்திலும் கங்கைகொண்டானிலும் அது ஆண்டுக்கணக்கு! பத்தடிக்குப் பத்தடிக் கொட்டிலிலே திருமணம், மகப்பேறு, முதுமை, சாவு எல்லாம் நடந்தேறிவிட்டன.

நம் மேலைமலையையும் நோக்குங்கள். சிங்கம்பட்டிக் குறுநிலத்தாரிடமிருந்து 8,373 குறுக்கம் காட்டை 1929-இல் தொண்ணூற்றொன்பதாண்டுக் குத்தகைக்குப் பெற்றது பம்பாய் பர்மா வணிக நிறுவனம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்னும் ஊர்கள் எழுந்தன. அத்தொழிலாளர்க்காகக் குரல்கொடுத்து ஊர்வலம் வந்த மக்களைக் காவலர் அடித்து விரட்டியபோது, 1999 சூலை 23-ஆம் நாள், ஒரு குழந்தை உள்ளிட்டு 17 உயிர்கள் இதே பொருநையிலே மாண்டன. 2028-இல் குத்தகை முடியவிருந்த நிலையில், 2024-இல் 'விருப்ப ஓய்வு' என்னும் பெயரால் வேலை நிறுத்தப்பட்டது. நான்கு தலைமுறை வாழ்ந்த வீடு வேலையோடு சேர்ந்து போகும் என்று அம்மக்களுக்குச் சொல்லப்பட்டது. கடல் கடந்து வந்தவனுக்கும் மலையிறங்கியவனுக்கும் புண் ஒன்றே. 'நான் எவ்விடத்தான்?' என்று கேட்டால் விடையில்லை.

உளப்புண்ணின் இயல்பு

உடற்புண் கண்ணுக்குத் தெரியும். உளப்புண்ணோ வேறு வடிவிலே வெளிப்படும். தலைநோவு என்பாள் ஒரு தாய். நெஞ்சு எரிகிறது என்பார் ஒரு முதியவர். உறக்கமே இல்லை என்பார் மற்றொருவர். மருத்துவர் ஆய்ந்து 'உடலில் நோயில்லை' என்பார். திருவிழாவிலே வேட்டு வெடித்தால் நாம் அண்ணாந்து பார்ப்போம்; குண்டுவீச்சுக்குத் தப்பியவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டுவாள்.

யாழ்ப்பாணத்திலே போர்க்காலத்தில் மருத்துவம் செய்தவர் உளநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். ஈழத்தமிழர் தம் துயரைப் 'பெருமூச்சு' என்னும் சொல்லாலே மருத்துவரிடம் உணர்த்துவதை அவர் எடுத்தெழுதியுள்ளார். போரின் உளப்புண்ணை அங்கே 'மனவடு' என்றழைக்கின்றனர். தழும்பு என்பதற்கு எத்துணைப் பொருத்தமான சொல்! அப்பேராசிரியர் வலியுறுத்தும் மற்றொரு கருத்தும் உண்டு. புண்பட்டது தனியொருவரின் உளம் மட்டுமன்று. குடும்பம், உறவு, ஊர், நம்பிக்கை ஆகிய பின்னல் முழுதுமே அறுந்துபோயிற்று. ஆகவே தனியொருவருக்கு மருந்து கொடுப்பதனால் மட்டும் அப்புண் ஆறாது; பின்னலையும் மீண்டும் பின்னவேண்டும்.

போர் நடந்த இடங்களில் வாழும் மக்களுள் ஏறத்தாழ ஐவருள் ஒருவர்க்கு ஏதேனுமோர் உளநோய் இருக்கிறது என்று உலகநலவாழ்வு நிறுவனம் 2019-இல் கணித்தது. இதைக் கேட்டு 'எல்லாரும் பித்தர்' என்று யாரும் எண்ணிவிடலாகாது. ஐவருள் நால்வர் அத்துணைக் கொடுமையைக் கண்டும் நோயுறாமல் நிற்கின்றனர் என்பதே அக்கணக்கின் மறுபக்கம். அவர்தம் உரம் பெரிது. துன்பப்பட்டோரெல்லாம் நோயாளர் அல்லர். அழுகின்ற தாய்க்குத் தேவைப்படுவது மருந்தன்று. அருகில் அமர்ந்திருக்க ஒரு தோள்.

போரைவிடக் கொடிது ஒன்று உண்டு. அது முடிவறியாக் காத்திருப்பு. போரின் புண் காலத்தால் ஆறத் தொடங்கும். காத்திருப்பின் புண்ணோ ஒவ்வொரு நாளும் புதிதாகக் கீறப்படும். 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த கொலையின் பழி, அதனோடு யாதொரு தொடர்பும் இல்லாத பல்லாயிரம் ஏழையர்மேல் விழுந்தது. தொண்டு நிறுவனங்கள் தங்கல்களுக்குள் நுழையத் தடை வந்தது. கணக்கெடுப்பு நாளிலே ஆள் இருந்தாக வேண்டும். வெளியூர் செல்ல இசைவு வேண்டும். எப்போதும் ஓர் ஐயப்பார்வை. 'யான் குற்றம் செய்யவில்லை' என்று ஒவ்வொரு நாளும் மெய்ப்பிக்க வேண்டியவன் உளம் எவ்வாறு ஆறும்?

பிள்ளைகளைப் பாருங்கள். நெல்லை மண்ணிலே பிறந்து, பொருநை நீரையே குடித்து, நம் பள்ளிகளிலே படித்துப் பட்டம் பெறுகின்றனர். பட்டத்துக்குப் பின் அரசுப்பணி இல்லை, கடவுச்சீட்டு இல்லை. பொறியியல் படித்தவனும் பிறர் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசப் போகின்றான். தமிழகத்துத் தங்கல்களிலே பலர்க்கும் அதுவே தொழில். அண்ணன் கயிற்றிலே தொங்கிக்கொண்டு மாடிச்சுவரில் வண்ணம் பூசுவதைக் கண்ட தம்பி, 'படித்து என்ன பயன்?' என்கின்றான். அந்த வினாவே உளநோய்களின் தாய். குடியும், பள்ளி விலகலும், இளமைத் திருமணமும், தற்கொலையும் அங்கிருந்தே கிளைக்கின்றன.

பெயரும் புண்ணாகும்

'அகதி' என்பது வடசொல். போக்கிடமற்றவன் என்பது அதன் பொருள். அதை விலக்கி 'ஏதிலி' என்று நாம் வழங்குகிறோம், நன்று. ஆனால் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். வள்ளுவர் வாக்கில் 'ஏதிலார்' என்றால் அயலார். அப்படியாயின் ஏதிலி என்பவனும் அயலவனே! தூய தமிழ்ச்சொல்லாலே அழைத்தாலும், ஒருவனை நாற்பதாண்டு அயலவன் என்றே அழைப்போமானால் அச்சொல்லும் ஒரு சூடுதான். பள்ளியிலே பிள்ளையைப் 'முகாம் பிள்ளை' என்று சுட்டும்போது அப்பிள்ளையின் பெயர் அழிகிறது. சொல்லைத் தூய்மைசெய்தல் வேண்டும். அதனினும் நம் பார்வையைத் தூய்மைசெய்தல் வேண்டும். ஏதிலி என்பது ஒருவருக்கு நேர்ந்த நிலை; அவர்தம் பெயரன்று.

2021 ஆகத்துத் திங்களிலே தமிழக முதலமைச்சர் மு.க. தாலின் அவர்கள் சட்டமன்றத்தில், 'அகதிகள் முகாம்' என்னும் பெயர் இனி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாறும் என்று அறிவித்தார். 317 கோடி 40 இலக்கம் உருவா மதிப்பிலான திட்டமும், 7,469 புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. குடும்பத் தலைவர்க்குத் திங்கள்தோறும் 1,500, பெரியவர்க்கு 1,000, சிறுவர்க்கு 500 உருவா என உதவித்தொகை உயர்ந்தது. இவை வரவேற்கத்தக்கன. புதிய சுவரும் தனிக் கழிப்பறையும் உளநலத்துக்கும் மருந்தே. ஆனால் பெயர்ப்பலகையை மாற்றிய அரசைப் பாராட்டும் நாம், நம் நாவிலுள்ள பலகையை மாற்றினோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அழுது முடிக்காத அழுகை

சிவகளையிலே ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழைமையுடையது என்று 2021-இல் அறிவிக்கப்பட்டபோது நாம் பூரித்தோம். பொருநை நாகரிகத்தின் தொன்மையைப் பேசினோம். அந்நெல்லை அங்கே இட்ட கை எது என்று எண்ணினோமா? இறந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராத ஒரு கை அது. இழவுக்கு உரிய சடங்கைச் செய்து முடித்தால்தான் இருப்போர் வாழ முடியும் என்று அறிந்த கை அது. உளநல மருத்துவம் இன்று ஆய்ந்து சொல்வதை நம் முன்னோர் தாழியிலே எழுதிவைத்தனர்.

ஏதிலியர்க்கு அதுதான் இல்லை. 2009 மே திங்களில் முள்ளிவாய்க்காலிலே உறவினரை இழந்தோர் பலர்க்கு உடல் கிடைக்கவில்லை. பிடித்துச் செல்லப்பட்டோர் இருக்கின்றனரா இல்லையா என்றே தெரியவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் ஈழத்திலே 2017 முதல் தெருவோரம் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் விடை கேட்டனர். இங்கிருக்கும் தாயோ அங்கே போய் அமரவும் முடியாது. இறந்தான் என்று அழுதால் மகனைத் தானே கொன்றதாக அஞ்சுகின்றாள். இருக்கின்றான் என்று எண்ணினால் இரவெல்லாம் கதவைப் பார்க்கின்றாள். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ தந்தை இறந்தால், தொலைபேசியிலே அழுகுரல் கேட்பதோடு மகனின் கடன் முடிகின்றது. புதைக்கப்படாத துயரம் உள்ளத்தினுள்ளே புதைந்து கிடக்கின்றது.

நம் பெண்டிர் ஒப்பாரி வைக்கும் வழக்கத்தைப் 'பட்டிக்காட்டுப் பழக்கம்' என்று நகரத்தார் நகைக்கின்றனர். ஒருத்தி அழ, பலர் தோள்சேர்ந்து அழ, இறந்தவர் புகழையும் தம் இழப்பையும் சொல்லிச் சொல்லி நெஞ்சின் கனத்தை இறக்கி வைக்கும் கூட்டு மருத்துவம் அன்றோ அது! தங்கலிலுள்ள மக்கள் தாம் விரும்பும் நாளில், தாம் விரும்பும் முறையில், தம் இறந்தோரை எண்ணி அழ நாம் இடமமைத்துத் தரவேண்டும். நம் கொடி வேண்டா, நம் முழக்கம் வேண்டா, ஒலிபெருக்கியும் வேண்டா. அன்று நாம் அவர்தம் இழவுக்கு வந்த உறவினராக மட்டும் நிற்போம்.

மருந்தின் நான்கு படிகள்

இடர்க்காலத்தில் உளத்துணை எவ்வாறு அமைதல் வேண்டும் என்று உலக அமைப்புகள் பல கூடி 2007-இல் ஒரு வழிகாட்டி வகுத்தன. அது நான்கு படிகளைச் சொல்கிறது. அடிப்படி, உணவும் நீரும் உறையுளும் பாதுகாப்பும், அவற்றை மானங்கெடாமல் பெறும் வழியும். இரண்டாம் படி, குடும்பத்தையும் ஊர்க்கூட்டையும் மீட்டமைத்தல். மூன்றாம் படி, பயிற்சி பெற்ற தொண்டர் தருகின்ற தனித்துணை. நான்காம் படியே உளநல மருத்துவர். கூம்பிலே அடி அகலம், முடி குறுகல். மருத்துவர் தேவைப்படுவோர் சிலரே. ஊரும் உறவும் தேவைப்படுவோர் அனைவரும்.

அடிப்படியிலே ஒரு பெருங்கல் இன்னும் இடப்படவில்லை. அது குடியுரிமை. 1951-ஆம் ஆண்டு ஐ.நா. ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலே ஈழத்தமிழர்க்கு இடமில்லை. 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிவு பெற்றோர் ஆவணமின்றித் தங்கியதற்காகத் தண்டிக்கப்படார் என 2025 செப்தம்பரிலே நடுவணரசு ஆணையிட்டது. அச்சம் சிறிது தணிந்தது, உரிமை வந்துவிடவில்லை. ஆயினும் சட்டத்திலே ஒரு வாயில் உண்டு. 1987 சூலை 1-க்கு முன் இந்திய மண்ணிலே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். இதன்படி, மண்டபத்திலே பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் சென்னை உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2024 தேர்தலிலே அவர் வாக்களித்தார். விரலிலே மை வைத்த அந்த நொடியிலே ஆறிய புண் எத்தனை என்று யார் அளப்பார்? பிறப்புச் சான்றைத் தேடி எடுக்க உதவுதலும் உளமருத்துவமே என்பதை நம் வழக்கறிஞர்கள் நெஞ்சிற் கொள்க.

நான்காம் படியைப் பற்றியும் ஒன்று சொல்வேன். 2017-ஆம் ஆண்டு உளநலச் சட்டம், அரசின் உளநல மருத்துவத்தைப் பெறும் உரிமை 'ஒவ்வொருவருக்கும்' உண்டு என்கிறது; குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாயில் தங்கல் மக்களுக்கும் திறந்ததே. 14416 என்னும் எண்ணிலே எந்நேரமும் தொலைபேசியில் உளத்துணை பெறலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. தன்னை மாய்த்துக்கொள்வேன் என்று சொல்பவரையும், நாள்கணக்கில் உண்ணாமல் உறங்காமல் இருப்பவரையும், இல்லாத குரல் கேட்பவரையும் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. 'சொல்லித் தேற்றுவேன்' என்று அங்கே நிற்பது அன்பன்று, அறியாமை.

கேட்கும் முறை

உலகநலவாழ்வு நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உள முதலுதவிக் கையேடு மூன்றே சொற்களில் தொண்டைச் சுருக்குகிறது: பார், கேள், இணை. என்ன தேவை என்று பார். அவர் சொல்வதைக் கேள். தேவையானவரோடும் தேவையான இடத்தோடும் இணை.

கேள் என்றால் துருவு என்று பொருளன்று. 'முள்ளிவாய்க்காலிலே என்ன கண்டீர்கள்? எத்தனை பேர் செத்தனர்?' என்று குறிப்பேட்டோடு போய்க் கேட்போர் உள்ளனர். நடந்ததை ஒரே அமர்விலே சொல்லச் செய்தால் நோய் தடுக்கப்படும் என்று முன்பு மேலைநாட்டார் எண்ணினர். அம்முறையைக் கையாளவேண்டா என்றே இன்று உலகநலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகிறது. தழும்பைக் கிள்ளிப் பார்ப்பது மருத்துவமன்று. அவர் சொல்ல விரும்பும்போது கேட்க நாம் இருத்தல் வேண்டும். சொல்லாதிருக்க விரும்பினால் அதுவும் அவர் உரிமை. 'எல்லாம் சரியாகிவிடும்' என்று பொய்யுறுதி கூறலாகாது. ஒரு முறை கூட்டமாகப் போய்ப் போர்வை கொடுத்துப் படமெடுத்துத் திரும்புவதினும், திங்கள்தோறும் அதே இருவர் வெறுங்கையோடு போய் அமர்ந்திருப்பது மேல்.

அவர்தம் தமிழிலே கேளுங்கள். நாம் பேசுவோம், அவர்கள் 'கதைப்பார்கள்'. நாம் அழகு என்போம். அவர்கள் 'வடிவு' என்பார்கள். பள்ளியிலே பிறர் நகைப்பரோ என்றஞ்சி அந்தச் சொற்களை மறைத்துக்கொள்ளும் பிள்ளை, தன் தாயையே மறைத்துக்கொள்கிறது. அத்தமிழைப் போற்றுவதும் மருந்து. யாழ்ப்பாணத்தார் 'ஆறுதலாக வாருங்கள்' என்பர். மெல்ல வாருங்கள், ஓடிவர வேண்டா என்பது அதன் பொருள். உளப்புண் ஆறவும் அதே சொல். மெல்ல நடக்கவும் அதே சொல். ஆறுதல் என்பது ஆறுதலாகத்தான் வரும்!

ஆற்றுப்படை

உளத்துணையை ஈழத்திலே 'உள ஆற்றுப்படுத்தல்' என்கின்றனர். அச்சொல் எங்கிருந்து வந்தது? பத்துப்பாட்டிலே பாதிக்குப் பாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வழியிலே வாடி வருகின்ற மற்றொரு கலைஞனைக் காண்கின்றான். 'யானும் உன்னைப் போல் பசித்தவனே, இவ்வழியே போ, இவ்விடத்தில் தங்கு, இன்னாரைக் காண்' என்று வழிகாட்டுகின்றான். ஆற்றுப்படுத்துகின்றவன் அரசனல்லன்; அமைச்சனல்லன்; நேற்றுவரை தானும் பசித்திருந்தவன்.

உளத்துணையின் உயிர் இதுவே. பட்டவன்தான் பட்டவனுக்கு நல்ல வழிகாட்டி. 1984-இலே சா.செ. சந்திரகாசன் தலைமையில் ஈழத்து ஏதிலியரே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், தங்கல் மக்களே தம் மக்களுக்குத் தொண்டராக நின்று பிள்ளைகளின் கல்வியையும் நலவாழ்வையும் பேணும் வழியைக் காட்டியது. ஆகவே நாம் செய்யவேண்டியது, அவர்களுக்கு மேலே நின்று ஆறுதல் சொல்வதன்று. தங்கலிலுள்ள படித்த இளைஞரும் பெண்டிரும் உள ஆற்றுப்படுத்தும் பயிற்சி பெறத் துணைநிற்றல் வேண்டும். பயிற்சிக்கும் உழைப்புக்கும் ஊதியம் கிடைக்கச் செய்தல் வேண்டும். மாஞ்சோலையிலிருந்து இறங்கியவர்க்கும், அடுத்த வெள்ளத்திலே வீடிழப்பவர்க்கும் அவர்களே ஆசிரியராவர். நாற்பதாண்டுப் பட்டறிவு வேறு யாரிடம் உள்ளது?

அன்பர்களே! இங்குள்ள ஒவ்வொரு கிளைமன்றமும் ஒரு தங்கலைத் தன் பக்கத்துவீடாக ஏற்றுக்கொள்க. திங்கள்தோறும் அதே இருவர் செல்க. தங்கற்பிள்ளையும் ஊர்ப்பிள்ளையும் ஒன்றாக அமரும் ஒரு படிப்பகம் தொடங்குக. மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் உடன்செல்க. நம் மேடையிலே ஈழத்தைப் பற்றி நாம் பேசுவதைக் குறைத்து, அவர்களைப் பேச அழைப்போம். அவர்கள் ஈழத்தைப் பற்றித்தான் பேசவேண்டும் என்பதுமில்லை. கணக்கு, கவிதை, கால்பந்து, எதைப் பற்றியும் பேசட்டும். துயரம் மட்டுமே தம் முகவரியன்று என்று ஒருவர் உணரும் நாளே அவர் நலம்பெறத் தொடங்கும் நாள்.

பொருநை பொதிகையிலே பிறந்து புன்னைக்காயலிலே கடலோடு கலக்கின்றது. அக்கடலின் அக்கரையிலிருந்து வந்தவர் அவ்வாற்றின் கரையிலே நாற்பதாண்டாகக் காத்திருக்கின்றனர். கோபாலசமுத்திரத்துக்கு நெல்லையிலிருந்து பேருந்து உண்டு. அடுத்த கூட்டத்துக்கு வரும்முன் ஒருமுறை அதில் ஏறிச் செல்லுங்கள். அங்கே ஆறுதலாக அமருங்கள், கேளுங்கள்.